பழைய டெலிபோன் கேபிளில் இரண்டு எஸ்எச்டிஎஸ்எல் மோடம் போட்டு இரண்டு கட்டடங்களை இணைக்க முடியுமா? எப்படி செட் செய்வது?

முடியும், எஸ்எச்டிஎஸ்எல் என்பதே டெலிபோன் ஒயரில் போகவர ஒரே வேகத்தில் டேட்டா அனுப்பும் முறை. ஒரு சர்க்கரை ஆலையில் நானே செய்திருக்கிறேன். கரும்பு யார்டில் இருக்கிற எடைமேடையிலிருந்து அலுவலகம் வரை கேபிள் சுற்றி வளைத்துப் போவதில் 1.8 கிலோமீட்டர், பள்ளம் தோண்டி ஃபைபர் போட அந்த வருடம் காசில்லை, ஆனால் இன்டர்காமுக்காகப் புதைத்த பத்து ஜோடி ஜெல்லி கேபிளில் (ஈரம் புகாமல் ஜெல் நிரப்பிய டெலிபோன் கேபிள்) நாலு ஜோடி சும்மா கிடந்தது. எடைச்சீட்டு விவரம் போக 2 எம்பிபிஎஸ் தாராளம்.

வீட்டு பிராட்பேண்டுக்கு வரும் ஏடிஎஸ்எல் மோடம் இரண்டை எதிரெதிரே மாட்டினால் பேசிக்கொள்ளாது, அதற்கு மறுமுனையில் எக்ஸ்சேஞ்ச் கருவி வேண்டும். எஸ்எச்டிஎஸ்எல்லில் ஒரு மோடத்தையே எக்ஸ்சேஞ்ச் பக்கமாக, அதாவது சிஓ என்று வைத்து, மற்றதை வாடிக்கையாளர் பக்கமாக, சிபிஇ என்று வைக்கலாம். இரண்டும் சிபிஇ-யாக இருந்தால் லிங்க் விளக்கு நாள் முழுக்க மின்னிக்கொண்டே இருக்கும். சில மலிவான மாடல்களில் சிஓ தேர்வே கிடையாது, வாங்கும் முன் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, அதே ஜோடியில் போனும் பேசலாம் என்று நினைக்காதீர்கள். ஏடிஎஸ்எல் பேச்சு அலைவரிசையை விட்டுவைக்கும், எஸ்எச்டிஎஸ்எல் அடியிலிருந்தே எடுத்துக்கொள்ளும், போனையும் டேட்டாவையும் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் போட்டும் பயனில்லை.

செட்டிங் பக்கத்தைத் திறக்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். மறுமுனையில் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிட்டு இந்த முனையில் ஓம் பாருங்கள். 0.5 மி.மீ. செம்பு என்றால் கிலோமீட்டருக்குப் போகவர ஏறக்குறைய 170 ஓம், ஆக எங்களுக்கு 300-ஐ ஒட்டி வர வேண்டும், வந்தது. அப்படியும் லைன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழுந்தது. அரை நாள் செட்டிங்கோடு மல்லுக்கட்டிய பிறகுதான் தெரிந்தது, நடுவே இருந்த குரோன் பெட்டியில் (கேபிள் ஒயர்களை இணைக்கும் பெட்டி) யாரோ ஒரு ஜோடியிலிருந்து ஒரு ஒயரும் பக்கத்து ஜோடியிலிருந்து இன்னொரு ஒயரும் எடுத்து மாட்டியிருக்கிறார்கள். மீட்டருக்கு அது சரியான லூப்தான், ஆனால் ஒன்றோடொன்று முறுக்காத ஒயர்கள் என்பதால் பக்கத்து இன்டர்காம் சத்தம் எல்லாம் உள்ளே வந்துவிடும். ஓம் சரியாக வருகிறது, லைன் மட்டும் தள்ளாடுகிறது என்றால் முதலில் நிறம் பார்த்து ஜோடியைச் சரிபாருங்கள்.

அப்புறம் செட்டிங். அனெக்ஸ் என்பது தரத்தின் வட்டார வகை, ஏ வட அமெரிக்காவுக்கு, பி ஐரோப்பாவுக்கு என்று வகுத்தது. உங்கள் சொந்தக் கேபிளில் எது வைத்தாலும் ஓடும், இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவே. 2-ஒயர் (ஒரு ஜோடி), 4-ஒயர் (இரண்டு ஜோடி) தேர்வும் அப்படியே. ஏடிஎம் முறை (டேட்டாவை 53 பைட் துண்டுகளாக அனுப்புவது) என்றால் விபிஐ, விசிஐ என்ற தட எண்களும் (நான் 0, 35 வைத்தேன்) டேட்டாவைப் பொதியும் விதமான என்காப்சுலேஷனும் இரு பக்கமும் ஒத்துப்போகட்டும். என்காப்சுலேஷனுக்கு எல்எல்சி பிரிட்ஜ் போதும், இரு பக்கமும் ஒரே நெட்வொர்க்காகச் சேர்ந்துவிடும். பிரிட்ஜ் என்பதால் நாட் (ஐபி முகவரி மாற்றம்) வேண்டாம், இரண்டு மோடத்துக்கும் ஒரே சப்நெட்டில் வெவ்வேறு ஐபி கொடுங்கள், தானாக ஐபி கொடுக்கும் டிஹெச்சிபி-யை இரண்டிலும் அணைத்துவிட்டு உங்கள் பழைய ரவுட்டரே கொடுக்கட்டும். இதை மறந்தால் எடைமேடைக் கணினி ஒரு நாள் ஓடும், மறுநாள் மோடம் கொடுத்த ஐபியை வைத்துக்கொண்டு முழிக்கும்.

வேகத்தை முதலில் ஆட்டோவில் விட்டு எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். ஒரு ஜோடியில் 2001-இன் மூலத் தரப்படி உச்சம் 2312 கேபிபிஎஸ், பின்னால் வந்த திருத்தத்தில் 5696. பிடித்ததைவிடக் கொஞ்சம் குறைத்து நிலையாகப் பூட்டிவிடுவது என் வழக்கம், எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாங்க மிச்சமிருக்கும் அளவு) 6 டிபிக்குக் கீழே போகாதபடி. ஆட்டோவிலேயே விட்டால் மழை நாளில் ஒவ்வொரு முறை விழுந்து எழும்போதும் ஒரு வேகம்.

2304 கேபிபிஎஸ்ஸில் ஓடியும் ஃபைல் காப்பி நொடிக்கு 250 கிலோபைட்டைத் தாண்டவில்லையே என்று மோடத்தைத் திட்டாதீர்கள். ஏடிஎம்மில் ஒவ்வொரு 53 பைட்டிலும் 5 பைட் தலைப்புக்கே போகிறது, மிச்சத்தில் மற்ற தலைப்புகளும் ஒட்டிக்கொள்ளும். மோடத்தில் ஈஎஃப்எம் முறை (ஏடிஎம் இல்லாமல் ஈதர்நெட்டாகவே அனுப்புவது) இருந்தால் அதையே வையுங்கள், இந்தச் சேதாரம் குறையும்.

இரண்டு முனையிலும் லைனில் இடி தாங்கி (சர்ஜ் அரெஸ்டர்) போட்டு எர்த் கொடுத்துவிடுங்கள். நாங்கள் ஒரு முனையில் மட்டும் போட்டோம், ஐப்பசியில் மறுமுனை மோடம் போய்விட்டது.