சட்டை கழற்றப் போகும் டாரன்டுலா: கேள்விகளும் பதில்களும்

நம் ராமநாதபுரம் கடற்கரையில் டாரன்டுலா என்னும் பெரிய, முடி அடர்ந்த சிலந்தியை வளர்ப்பவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது எனக்கே புதுச் செய்தி. தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை கேள்விகள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: சாப்பிட மாட்டேன் என்கிறது, என்ன செய்ய? ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். அவசரக் கேள்விகளுக்கு அன்றைக்கே பதில் போட்டாயிற்று, மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கேயும் வைக்கிறேன்.

கீழக்கரை, கல்லூரி மாணவர்: காக்கா (அண்ணே), என்னோட மெக்சிகன் ரெட் நீ டாரன்டுலா மூணு வாரமா எதையும் தொடல. முன்னெல்லாம் பூச்சி விழுந்ததும் பாய்ஞ்சு பிடிக்கும். இப்ப பூச்சி மேல ஏறினாக்கூட காலை இழுத்துக்குது. இதுக்கு டாக்டர் யாராவது இருக்காங்களா?

டாக்டர் வேண்டாம் தம்பி, அது தோலுரிக்கத் தயாராகிறது போலிருக்கிறது. முதல் வேலையாக உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பூச்சியை வெளியே எடுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

எடுத்தாச்சா? சரி. இப்போது வயிற்றின் மேல்பக்கத்தைப் பாருங்கள். ரெட் நீ போன்ற அமெரிக்க இனங்கள் பயந்தால் பின்காலால் வயிற்று முடியைத் தேய்த்து உதிர்த்துவிடும், அந்த இடம் வழுக்கையாக இருக்கும். சாதாரண நாளில் வழுக்கை வெளிர் நிறத்தில்தான் தெரியும். தோலுரிக்க நெருங்க நெருங்க அது மங்கி, கருநீலமாகி, கடைசியில் கறுத்து மினுங்கும். பழைய தோலுக்கு அடியில் புது முடி முளைத்து நிற்பதுதான் அப்படித் தெரிகிறது. உடம்பின் மற்ற நிறமெல்லாம் வெளிறிப் போயிருக்கும், நடை மந்தமாகும், சில சிலந்திகள் பொந்தின் வாயை மண்ணாலும் நூலாலும் அடைத்துக்கொள்ளும். வழுக்கை விழாத சிலந்தியில் இந்த நிறமாற்றம் பார்க்கக் கிடைக்காது, மற்ற அடையாளங்களை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

சாப்பிடாததற்குக் காரணம் உண்டு. அது வெளித்தோலை மட்டும் மாற்றுவதில்லை. கொடுக்குப் பல், வாய், தொண்டை, இரையை உறிஞ்சும் வயிற்றின் உட்சுவர் எல்லாம் சேர்ந்து மாறுகின்றன. மாறிக்கொண்டிருக்கும் வாயால் எப்படித் தின்னும்? குஞ்சுகள் சில நாள் பட்டினி கிடக்கும். வளர்ந்தவை வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கில்கூடக் கிடக்கும். வயிறு உருண்டையாக இருக்கும்வரை பயமில்லை. வயிறு சுருங்கி வற்றிப் போயிருந்தால்தான் கவலை. அப்போதும் முதலில் தண்ணீர்த் தட்டைப் பாருங்கள், இரையை அப்புறம் பார்க்கலாம்.

பாம்பன்: அண்ணே அவசரம்! காலையில எழுந்து பார்த்தா மல்லாக்கக் கிடக்கு. காலை லேசா ஆட்டுது. செத்துக்கிட்டிருக்கு, தூக்கிப் போடுங்கிறாங்க அம்மா.

போடாதீர்கள், தொடவும் தொடாதீர்கள்! மல்லாந்து கிடக்கிறது என்றால் வேலை தொடங்கிவிட்டது. சாகிற டாரன்டுலா பெரும்பாலும் குப்புறத்தான் கிடக்கும், எட்டுக் காலும் உடம்புக்கு அடியில் சுருண்டு போயிருக்கும். காலை விரித்து மல்லாந்து கிடப்பது தோலுரிப்பதற்கு. அதற்கென்றே கீழே நூலால் ஒரு விரிப்பும் நெய்திருக்கும், உற்றுப் பாருங்கள்.

உள்ளே நடப்பது இது: வயிற்றில் இருக்கும் இரத்தநீரை நெஞ்சுப் பகுதிக்குத் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தில் முதுகு ஓடு விளிம்பில் விரிசல் விட்டு மூடியாகத் திறக்கும். பிறகு ஒவ்வொரு காலையும் அதே அழுத்தத்தால் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுக்க வேண்டும். உடம்பில் நீர் குறைந்தால் அழுத்தம் குறையும், கால் பாதியில் மாட்டும். சோறு இல்லாவிட்டாலும் தண்ணீர் இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பாம்பன்காரருக்கு நண்டைச் சொன்னால் போதும். ஓடு மாற்றிய நண்டு வலையில் வந்தால் அமுக்கினால் அமுங்கும், சந்தையில் ஒரு பயல் வாங்க மாட்டான். உங்கள் சிலந்தியும் இப்போது அந்த நிலைமையில்தான் இருக்கிறது. திருப்பிப் போட்டாலோ கால் கிழியும், வயிறு கிழியும். சின்னது அரை மணியில் முடிக்கும், பெரியது பல மணி நேரம் எடுக்கும். மேஜையை ஆட்டாமல், தண்ணீர் தெளிக்காமல், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காமல் விட்டுவிடுங்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், சாயங்காலம் சிலந்தியும் கழற்றிய தோலுமாக ஒன்று இரண்டாகத் தெரியும், பயப்பட வேண்டாம் என்று.

(மறுநாள் செய்தி வந்தது. கழற்றி முடித்துவிட்டதாம். அம்மா இன்னும் அந்த அறைக்குள் போகவில்லையாம்.)

உச்சிப்புளி: எங்க பக்கம் தென்னை நார்க்கழிவு சும்மாவே கிடைக்குது. அதையே டப்பாவில் போடலாமா? கடல் மணல் கலந்தா தண்ணி தேங்காதுல்ல?

கடல் மணல் வேண்டவே வேண்டாம். உப்பு, அதோடு கிளிஞ்சல் தூள் வேறு, முனை கூர்மையாக இருக்கும். நார்க்கழிவு நல்ல பொருள், ஆனால் நம் பக்கத்து நார்க்கழிவில் உப்பு அதிகம். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட மட்டையிலிருந்து வந்ததென்றால் இன்னும் மோசம். நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரை மாற்றி, மறுபடி பிழிந்து, பலமுறை அலச வேண்டும். நாற்றுப் பண்ணைக்காரர்களிடம் ‘ஈ.சி. குறைந்த கட்டி’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், அது அலசிய சரக்கு (ஈ.சி. என்பது உப்பின் அளவைக் காட்டும் எண்). தரையில் வாழும் இனத்துக்கு மண்ணை ஆழமாகப் போட்டு, மண்ணுக்கும் மூடிக்கும் நடுவே உள்ள உயரத்தைக் குறைத்துவிடுங்கள். தோலுரிக்கப் போகும் சிலந்தியின் வயிறு உப்பியிருக்கும், சுவரில் ஏறி விழுந்தால் வெடித்துவிடும்.

மண்டபம்: தோலுரிக்க ஈரப்பதம் வேணும்னு படிச்சேன். தினமும் ரெண்டு வேளை ஸ்ப்ரே அடிக்கிறேன். சரிதானே?

உங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல். காற்றிலேயே ஈரம் இருக்கிறது, இதற்கு மேல் எதற்கு? குளிர்நாட்டில் ஹீட்டர் போட்டுக் காய்ந்த அறையில் வளர்ப்பவர்கள் எழுதியதை மண்டபத்தில் அப்படியே செய்தால் பூஞ்சைதான் பிடிக்கும். ஏ.சி. அறையில் வைத்திருந்தால் மட்டும் கணக்கு வேறு. அங்கே மண்ணின் ஒரு மூலையில் தண்ணீர் ஊற்றி அடிமண்ணை ஈரமாக வையுங்கள், மேல்மண் காய்ந்தே இருக்கட்டும். சிலந்தியின் மேல் நேராகத் தெளிக்கக் கூடாது. தட்டில் குடிதண்ணீர் ஊற்றுங்கள். போர் தண்ணீர் வற்ற வற்ற உப்பு அடியில் படியும். குடம் காசு கொடுத்து வாங்கும் தண்ணீர் என்று தெரியும், அதற்கு வேண்டியது ஒரு மூடி அளவுதான்.

சித்திரை வைகாசியில் ஈரத்தைவிட வெயில்தான் ஆபத்து. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வைக்காதீர்கள், தரையோடு நிழலான மூலைக்கு மாற்றுங்கள்.

பெரியபட்டினம்: வாங்குற பூச்சி கட்டுப்படியாகல. மிளகாய்க் காட்டு வெட்டுக்கிளி, இல்லேன்னா இறால் துண்டு குடுக்கலாமா? தோல் உரிக்கிறதுக்கு முன்னாடி கால்சியம் பொடி தடவிக் குடுக்கணுமாமே?

வெட்டுக்கிளி டாரன்டுலாவுக்குப் பிடித்த இரைதான். ஆனால் முண்டு மிளகாய்க் காட்டில் மருந்தடிக்காத வாரம் எது சொல்லுங்கள்? அந்தக் காட்டுப் பூச்சி வேண்டாம். இறாலைச் சில சிலந்திகள் தின்னும்தான், ஆனால் மண்ணில் கிடந்து நாறும், பின்னாலேயே ஈ வரும். வீட்டுக் கரப்பானும் கூடாது, எந்த வீட்டில் எந்த மருந்தை நக்கி வந்ததோ.

செலவு என்கிறீர்கள், உண்மையில் இது குறைவாகத் தின்னும் பிராணி. குஞ்சுக்கு வாரம் இரண்டு முறை, நடுத்தரத்துக்கு ஒரு முறை, வளர்ந்ததற்கு பத்துப் பதினைந்து நாளுக்கு ஒன்று போதும். இரை அதன் வயிற்றைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. மீல்வோர்ம் புழு என்றால் தலையை நசுக்கிவிட்டுப் போடுங்கள். உயிரோடு விட்டால் மண்ணுக்குள் புதைந்துகொண்டு, சிலந்தி மல்லாந்து கிடக்கும் நேரம் பார்த்து வந்து கடிக்கும். சுவர்க்கோழியும் அப்படித்தான். போட்ட இரையை ஒரு நாளில் தொடவில்லை என்றால் எடுத்துவிடுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

கால்சியம் வேண்டாம். அது நண்டுக்கு. சிலந்தியின் தோல் கைட்டின் என்ற நார்ப்பொருளும் புரதமும்தான்.

தொண்டி, ஒரு தாயார்: தம்பி, என் மகன் இந்தச் சனியனை வளர்க்கிறான். கொசுவத்தி வைக்கக் கூடாதுங்கிறான், எறும்புப் பொடி தூவக் கூடாதுங்கிறான். நாங்க எப்படித் தூங்குறது?

அக்கா, இந்த விஷயத்தில் பையன் சொல்வது சரி. கொசுவையும் எறும்பையும் கொல்லும் மருந்து சிலந்தியை மட்டும் விட்டுவைக்காது. அந்த அறைக்குக் கொசுவலை கட்டுங்கள், இல்லாவிட்டால் டப்பாவைக் கொசுவத்தி வைக்காத அறைக்கு மாற்றச் சொல்லுங்கள். எறும்புக்கு நம் பாட்டி காலத்து வழியே போதும்: தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் செங்கல் வைத்து, அதன் மேல் டப்பா. தட்டு காயாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. தோலுரிக்கும்போது எறும்பு ஏறினால் சிலந்தி தப்பிக்காது.

இன்னொன்று, அவன் டப்பாவைச் சுத்தம் செய்த கையோடு கண்ணைக் கசக்க விடாதீர்கள். சிலந்தியின் வயிற்றிலிருந்து உதிர்ந்த முடி கண்ணில் பட்டால் சும்மா விடாது. பட்டுவிட்டால் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.

தங்கச்சிமடம்: வீட்டுக்குப் பின்னாடி புளியமரப் பொந்துல சாம்பல் நிறத்துல பெரிய சிலந்தி. குச்சிய நீட்டினா முன்காலைத் தூக்குது, அடியில மஞ்சளா இருக்கு. பகல் பூரா சோர்ந்து கிடக்கு, தோல் உரிக்கப் போகுதுபோல. பிடிச்சுப் பாதுகாப்பா வச்சு அப்புறம் விட்டுடலாமா?

குச்சியை முதலில் கீழே போடுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் பொசிலோதீரியா என்னும் மரத்தில் வாழும் டாரன்டுலா வகை மாதிரி இருக்கிறது. பகலில் பொந்துக்குள் அசையாமல் கிடப்பது அதன் வழக்கம், இருட்டிய பிறகுதான் வெளியே வரும்.

இந்த வகையில் ஒரு இனத்துக்கு நம் ஊர்ப் பெயரே இருக்கிறது: பொசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா. ராமேஸ்வரத்து ஹனுமவிலாசம் தோப்பில் கண்டு, ஆண்ட்ரூ ஸ்மித் என்பவர் 2004இல் உலகுக்கு அறிவித்தார். இலங்கையில் மன்னார்ப் பக்கமும் இருக்கிறது, அதைவிட்டால் நம் கரைதான். 2008இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை மிக அருகிவரும் இனம் என்று பட்டியலிட்டது. பழைய புளியும் பனையும் வெட்டுப்பட்டால் அதற்கு வீடு இல்லை. 2019இல் பொசிலோதீரியா வகை முழுவதும் சைட்டிஸ் என்னும் வனஉயிரின வணிகக் கட்டுப்பாட்டு உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்புப் பட்டியலில் சேர்ந்தது. நம் வனஉயிரினச் சட்டத்தில் 2022இல் வந்த திருத்தமும் 2024இல் வந்த விதிகளும் சைட்டிஸ் பட்டியல் உயிரினம் வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. மரத்திலிருந்து பிடித்ததற்குப் பதிவும் கிடையாது, நியாயமும் கிடையாது. கீழக்கரைத் தம்பி, உங்கள் ரெட் நீயும் அதே இரண்டாம் இணைப்பில்தான் இருக்கிறது, காகிதம் சரியாக இருக்கிறதா பாருங்கள்.

உதவி செய்யத்தான் கேட்கிறீர்கள், புரிகிறது. அந்தப் பொந்தைவிடப் பாதுகாப்பான இடத்தை நம்மால் செய்து கொடுக்க முடியாது. அதோடு இந்த வகைக்கு உதிர்க்கிற முடி கிடையாது, அதற்குப் பதில் கடிதான். கடித்தால் கடும் வலியும், நாள்கணக்கில் வந்து போகும் தசைப் பிடிப்பும் உண்டு. கடிபட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மரத்தை வெட்டாமல் இருந்தீர்கள் என்றால் அதுவே பெரிய உதவி.

ஏர்வாடி: தோல் உரிச்சதுல ஒரு கால் மாட்டிக்கிச்சு. இழுக்கலாமா?

கூடாது. மெல்லிய பெயிண்ட் பிரஷை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, மாட்டிய இடத்தில் மட்டும் ஈரம் வையுங்கள். மூச்சு உறுப்பு வயிற்றுக்கு அடியில் இருக்கிறது, அங்கே தண்ணீர் போகக் கூடாது. அதற்கும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பல நேரம் சிலந்தியே அந்தக் காலைக் கழற்றிவிடும். ஏழு காலோடு நன்றாகவே வாழும், அடுத்த உரிப்பில் மெல்லிசாக ஒரு கால் முளைக்கும், அதற்கடுத்ததில் தேறும். ஆனால் நன்றாக வளர்ந்த ஆணுக்கு இது பொருந்தாது, பொதுவாக அது மறுபடி தோலுரிப்பதில்லை.

ராமநாதபுரம்: நேத்து உரிச்சு முடிச்சிருச்சு. பாவம், ரெண்டு மாசப் பட்டினி. இன்னைக்கே இரை போடலாமா? உரிச்ச தோலைத் தூக்கிப் போட்டுடலாமா?

இரண்டுமே வேண்டாம். பல்லைப் பாருங்கள், இப்போது வெள்ளையாக இருக்கும். பிறகு சிவக்கும், கடைசியில் கறுக்கும். கறுத்த பிறகும் கொஞ்சம் பொறுங்கள். குஞ்சுக்கு நாலைந்து நாள், நடுத்தரத்துக்கு ஒரு வாரம், பெரியதற்கு இரண்டு வாரம். அதுவரை தண்ணீர் மட்டும். முதல் இரை சின்னதாக, கொன்று போட்டதாக இருக்கட்டும்.

தோலைப் பத்திரமாக எடுங்கள், ஆணா பெண்ணா என்பதை அதில் நன்றாகத் தெரிந்துகொள்ள முடியும். சிலந்தி விலகிப் போன பிறகு இடுக்கியால் எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு கலந்த தண்ணீரில் ஊறவையுங்கள். சுருங்கிய வயிற்றுப் பகுதியைப் பிரஷ்ஷால் மெல்ல விரித்தால் உட்புறத்தில் நாலு வெள்ளைத் திட்டு தெரியும், அவை மூச்சு உறுப்பின் தோல். முன்னால் உள்ள இரண்டுக்கும் நடுவே மடிப்பாகத் துருத்திக்கொண்டு ஒரு சின்னப் பை இருந்தால் பெண். வெறும் கோடாக இருந்தால் அநேகமாக ஆண். ரொம்பச் சின்னத் தோலில் கண்ணுக்குத் தெரியாது, லென்ஸ் வேண்டும். காய்ந்துவிட்டால் நொறுங்கும், அதனால் இன்றைக்கே செய்யுங்கள். விரித்து வைத்துப் படம் எடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.