முப்பது பேர் கணக்கில் வராதவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'கிளேர் ஒப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33' என்ற பிரெஞ்சு வீடியோ கேமை முப்பது பேர் மட்டுமே சேர்ந்து உருவாக்கினார்கள் என்று பல செய்திகளில் படித்தேன். என் தம்பி பெங்களூரில் கேம் டெஸ்டர். வெளிநாட்டு நிறுவனங்களின் விளையாட்டுகளைச் சோதிப்பது வேலை. "விளையாடுவதற்குச் சம்பளமா?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அவனும் "நான் டெவலப்பர் இல்லை அக்கா, வெறும் டெஸ்டர்" என்கிறான். கோட் எழுதாதவரை டெவலப்பர் என்று சொல்லலாமா? அப்படியென்றால் அலுவலகக் காவலாளியையும் சேர்க்க வேண்டாமா? கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலை யாரும் படிப்பதில்லை. அதற்காக ஏன் இவ்வளவு சண்டை?

செ., சேலம்

அன்புள்ள செ.,

உங்கள் தம்பி டெவலப்பர்தான். எனக்கு இதில் தயக்கமே இல்லை.

டெஸ்டர் பொழுதுபோக்காக விளையாடுவதில்லை. ஒரே சுவரில் திரும்பத் திரும்ப மோதிப் பார்க்கிறார். சண்டையின் நடுவே கன்ட்ரோலரின் இணைப்பைத் துண்டிக்கிறார். விளையாட்டு உறைந்து நின்றால், எதை எந்த வரிசையில் செய்தால் மறுபடியும் உறையும் என்று கண்டுபிடித்து எழுதுகிறார். பத்துக்கு மூன்று முறை மட்டும் தலைகாட்டும் பிழை என்றால், அந்த மூன்றுக்கும் பொதுவானது எது என்று துருவ வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் புரோகிராமர் எங்கே கைவைப்பது? திருத்திய பின், அந்தத் திருத்தம் வேறெதையும் கெடுத்திருக்கிறதா என்று மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

என் அளவுகோல் இது: ஒருவருடைய வேலையால், விளையாடுபவர் கைக்கு வந்துசேரும் பொருள் மாறுகிறதா? மாறினால் அவர் டெவலப்பர். காவலாளி இதில் வரமாட்டார்; அவருக்குரிய ஊதியமும் மரியாதையும் வேறு கேள்வி. இயக்குநரின் பங்கும் டெஸ்டரின் பங்கும் சமம் என்று நான் சொல்லவில்லை.

எக்ஸ்பெடிஷன் 33 எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு. அதை உருவாக்கிய, பிரான்சின் மோன்பெலியே நகரத்துச் சாண்ட்ஃபால் குழுவின் சாதனை பெரியது. ஆனால் அதன் பெயர்ப் பட்டியலை ஓடவிட்டுப் பாருங்கள். சண்டை அசைவுகளுக்கு உழைத்த தென்கொரியக் கலைஞர்கள், வெளி நிறுவனச் சோதனையாளர்கள், குரல் நடிகர்கள், இசைக் கலைஞர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். சாண்ட்ஃபால் அவர்களை மறைக்கவில்லை. செய்தித் தலைப்புகள்தான் வெட்டிவிட்டன. 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் இத்துறையில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். இந்தச் சூழலில் 'முப்பது பேரே போதும்' என்ற கதை ஆட்குறைப்பு செய்பவர்களுக்கு நல்ல சாக்கு. அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

பெயர்ச் சண்டை பழையது. 1970-களில் அட்டாரி நிறுவனம் தன் விளையாட்டுகளில் செய்தவர் பெயரைப் போடவில்லை. 'அட்வென்ச்சர்' விளையாட்டை உருவாக்கிய வாரன் ராபினெட், எளிதில் கண்ணில் படாத ஒரு புள்ளியைக் கண்டெடுப்பவர் மட்டுமே நுழையக்கூடிய அறையில் தன் பெயரை ஒளித்துவைத்தார். அட்டாரியிலிருந்து வெளியேறிய புரோகிராமர்கள் 1979-இல் ஆக்டிவிஷனைத் தொடங்கி, விளையாட்டுகளைச் செய்தவர் பெயரோடு விற்றார்கள்.

அதே ஆக்டிவிஷனுக்குச் சொந்தமான ரேவன் ஸ்டூடியோவில் 2021 டிசம்பரில் ஒப்பந்த டெஸ்டர்கள் சிலருக்கு வேலை முடிந்தது என்று சொல்லப்பட்டது. சக டெஸ்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், பிறகு சங்கம் அமைக்க முன்வந்தார்கள். சங்கம் வேண்டுமா என்று டெஸ்டர்கள் மட்டும் வாக்களிப்பது முறையல்ல, ஸ்டூடியோ ஊழியர்கள் எல்லோரும் வாக்களிக்க வேண்டும் என்று நிறுவனம் வாதிட்டது. வேலையை விட்டு அனுப்பும்போது தனியே பிரிக்க முடிந்தவர்களை, சங்கம் என்றதும் பிரிக்கக் கூடாதவர்களாக ஆக்கிவிட்டார்கள். அமெரிக்கத் தொழிலாளர் உறவு வாரியம் அதை ஏற்கவில்லை. 2022 மே மாதம் 19-3 என்ற கணக்கில் டெஸ்டர்கள் வென்றார்கள்.

பட்டியலை யாரும் படிப்பதில்லை என்கிறீர்கள். அடுத்த வேலைக்கு ஆள் எடுப்பவர் படிக்கிறார். இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட டெஸ்டரால், தான் எதில் வேலை செய்தோம் என்று வாய்திறக்க முடியாது. திரையில் இருக்கும் பெயர்தான் அவருக்குச் சான்று. 2011-இல் வெளியான 'எல்.ஏ. நுவார்' விளையாட்டின் பட்டியலில் நூறு பேருக்கும் மேல் விடுபட்டார்கள். அவர்கள் தாங்களே இணையதளம் தொடங்கித் தங்கள் பெயர்களை வெளியிட வேண்டியிருந்தது.

தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். வெளி நிறுவனத்துக்கு வேலை செய்யும்போது, சில நேரம் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயர் மட்டும் வரும், ஊழியர்கள் பெயர் வராது. அடுத்த விளையாட்டில் வேலை தொடங்கும்போதே தன் பெயர் தனியாக இடம்பெறுமா என்று மேலாளரிடம் அவர் மின்னஞ்சலில் கேட்கட்டும். சர்வதேச கேம் டெவலப்பர்கள் சங்கம் இதற்கென்று வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அதையும் இணைத்து அனுப்பலாம்.