எட்டு வயதில் இறந்த ஆன் மௌப்ரே

கேள்வி: இடைக்காலத்தில் சிறு வயதிலேயே இறந்த அரச குடும்பத்துக் குழந்தைகளில் உங்கள் மனதில் நிற்பவர் யார்?

ஆன் மௌப்ரே. அரச குடும்பத்தில் பிறந்தவள் அல்ல, வாழ்க்கைப்பட்டுப் போனவள்.

இங்கிலாந்தில் நார்ஃபோக் கோமகனின் ஒரே வாரிசு. 1472 டிசம்பரில் பிறந்தாள். 1476-ல் அப்பா இறந்ததும் அவ்வளவு நிலமும் மூன்று வயதுக் குழந்தைக்கு வந்தது. மன்னர் நான்காம் எட்வர்டு சும்மா இருப்பாரா? 1478 ஜனவரியில் வெஸ்ட்மின்ஸ்டரில் தன் இரண்டாவது மகன் ரிச்சர்டுக்குக் கட்டி வைத்துவிட்டார். பெண்ணுக்கு ஐந்து வயது, மாப்பிள்ளைக்கு நான்கு.

1481 நவம்பரில் கிரீன்விச்சில் ஆன் இறந்தாள். ஒன்பது வயது நிறைய மூன்று வாரம் இருந்தது. பிள்ளையில்லாமல் இறந்தவளின் சொத்து ஹோவர்டு, பெர்க்லி என்ற இரு உறவினர்களுக்குப் போயிருக்க வேண்டும். அதை மகனிடமே நிறுத்திக்கொள்ள மாமனார் நாடாளுமன்றத்தில் சட்டமே போட்டார். ஏமாந்த ஜான் ஹோவர்டு 1483-ல், அரியணையைப் பிடித்த எட்வர்டின் தம்பி மூன்றாம் ரிச்சர்டு பக்கம் சேர்ந்து நார்ஃபோக் கோமகன் ஆனார். ஆனின் கணவனோ, அதே ஆண்டு அண்ணனோடு லண்டன் கோபுரக் கோட்டையில் அடைக்கப்பட்டுக் காணாமல் போன சிறுவன்; ‘கோபுரத்துச் சிறுவர்கள்’ என்பது இவர்கள் இருவரையும்தான்.

அவளை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புனித எராஸ்மஸ் சிற்றாலயத்தில் அடக்கம் செய்திருந்தார்கள். அங்கும் நிம்மதியாக விடவில்லை. பின்னால் வந்த மன்னர் ஏழாம் ஹென்றி புதிய ஆலயம் கட்ட அந்தச் சிற்றாலயத்தை இடித்தார்; பெட்டி மினொரீஸ் கன்னிமடத்துக்குப் போனது. கணவனை இழந்த அவள் அம்மா எலிசபெத் டால்பட் ஒதுங்கி வாழ்ந்த இடம் அது. இத்தனை இடமாற்றத்தில் இது ஒன்றுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

பிறகு மடமும் போய், பெட்டி இருந்த இடமே மறந்துபோனது. 1964 டிசம்பரில் லண்டன் ஸ்டெப்னியில் கட்டட வேலைக்கு மண் தோண்டியவர்கள் ஓர் ஈயப் பெட்டியைக் கண்டார்கள். உள்ளே இருப்பது யாரென்று அதிலிருந்த லத்தீன் எழுத்து சொன்னது. மண்டையோட்டில் செம்பட்டை முடி அப்படியே ஒட்டியிருந்தது.

ஆய்வில் சில பற்கள் பிறவியிலேயே முளைக்காதது தெரிந்தது. கோபுரத்துச் சிறுவர்களுடையது என்று அபேயில் தாழியில் வைத்திருக்கும் எலும்புகளிலும் இதே குறை உண்டு. ஆனும் ரிச்சர்டும் தூரத்து ரத்த உறவு என்பதால் சிலர் இதை ஆதாரமாக நீட்டுகிறார்கள். எனக்கு அது போதாது. டிஎன்ஏ சோதனை இல்லாமல் பல்லை வைத்து யார் என்று முடிவு கட்ட முடியாது.

1965-ல் அவளை மறுபடி வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலேயே புதைத்தார்கள்.