நித்திரைக்கு முன் வாசித்துக்காட்ட எப்படிப்பட்ட புத்தகம் நல்லது?
ஆறு வயது மகளுக்கு இரவில் வாசித்துக்காட்ட எத்தகைய புத்தகத்தை வாங்கலாம் என்று திருகோணமலையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். முதலில், கடையில் நின்றபடியே ஒரு பக்கத்தை மெதுவாக வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். அங்கேயே நாக்குத் தடக்குப்படும் வசனங்கள், பகல் முழுவதும் வேலை செய்து களைத்த இரவில் இன்னும் மோசமாகத் தடக்குப்படும். படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அச்சாவதால், ஒரே இருப்பில் முடித்துவிடலாம். நீண்ட கதையென்றால், அத்தியாயம் ஆபத்தின் உச்சத்தில் அறுந்து நிற்காமல், பாத்திரங்கள் வீடு திரும்பி ஓய்கின்ற இடத்தில் முடிகிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் "பிறகு என்ன நடந்தது?" என்று பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிடும்.

பனி பொழியும் ஊர்க் கதைகளும் நல்லவைதான். ஆனால் உங்கள் திருகோணமலையின் பிரெட்றிக் கோட்டைக்குள் புள்ளிமான்களைக் கண்டு பழகிய பிள்ளைக்கு, மான் வருகின்ற கதையை நிறுத்தி நிறுத்தி விளக்க வேண்டியிராது. பளபளப்பான தாள் மின்குமிழின் ஒளியைக் கண்ணில் திருப்பியடிக்கும் என்பதால், நான் மங்கலான தாளையே விரும்புவேன். கைபேசியில் வாசிப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: திரையின் நீல ஒளி, நித்திரைக்கு உடலைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் சுரப்பைத் தாமதப்படுத்தக்கூடியது. மகள் பழைய புத்தகத்தையே மறுபடியும் கேட்டால், புதியது ஒரு கிழமைக்கு அலுமாரியிலேயே இருக்கட்டும்.