பழைய கைடு போதுமா?

கேள்வி: வரும் அக்டோபரில் நானும் தம்பியும் நேபாளத்தில் அன்னபூர்ணா சர்க்யூட் (அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றிவரும் நடைபாதை) நடக்கப் போகிறோம். பழைய புத்தகக் கடையில் அதற்கான ஒரு கைடு புத்தகம் 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதுவே போதாதா சார்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: எந்த வருஷத்துப் பதிப்பு என்று எழுதவில்லையே! முதலில் அதைப் பாருங்கள். கோயில் குளம் பார்க்கப் போகிறவருக்குப் பத்து வருஷப் பழசு பாதகமில்லை, ஆனால் இங்கே பாதையே மாறிவிட்டது. கணவாய்க்கு ஒரு பக்கம் மனாங் என்ற ஊர் வரைக்கும், மறுபக்கம் முக்திநாத் கோயில் வரைக்கும் ஜீப் ரோடு வந்தாயிற்று. நானும் திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கிய ஒன்றை நம்பித்தான் போனேன். ஆள் அரவமில்லாத ஆற்றோரம் என்று அது வர்ணித்த இடத்தில், ஜீப் கிளப்பிய புழுதிக்கு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றதுதான் மிச்சம். ரோட்டை விட்டு விலகி நடக்க, சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த மாற்றுப் பாதைகள் இருக்கின்றன என்பதே அதில் இல்லை. வழிகாட்டும் ஆள் இல்லாமல் தனியாக மலைப்பாதையில் போகக் கூடாது என்று 2023 ஏப்ரலில் வந்த விதியும் பழசில் இருக்காது.

சரி, புதுசு வாங்கினாலும் கடையில் நின்றே மனாங் பக்கத்தைப் பிரித்துப் படியுங்கள். ஊர் 3,540 மீட்டரில் இருக்கிறது, கடக்க வேண்டிய தோரங் லா கணவாய் 5,416. மனாங்கில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கச் சொல்கிறதா, 3,000 மீட்டருக்கு மேல் போனபின் முந்தைய இரவு படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் போய்ப் படுக்காதே என்கிறதா, உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலியோடு வாந்தியும் வந்தால் யோசிக்காமல் கீழே இறங்கச் சொல்கிறதா? இதை விட்டுவிட்டு ஆப்பிள் கேக் கிடைக்கும் கடையைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். நீங்கள் போவதும் அக்டோபர். 2014 அக்டோபரில் அந்தப் பக்கம் அடித்த பனிப்புயலில் 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

இன்னொரு சோதனை, முக்திநாத் தாண்டி இறங்கியபின் காக்பேனியிலிருந்து ஜோம்சோம் போகும் பகுதி. முற்பகல் தாண்டினால் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் எதிர்க்காற்று ஆளைத் தள்ளும், விடிந்ததும் கிளம்பு என்று எழுதியிருந்தால் புத்தகம் எழுதியவர் நடந்து பார்த்தவர்.

வரைபடத்தில் கிலோமீட்டரைவிட நடக்கும் நேரம் போட்டிருப்பது நல்லது, மலையில் ஐந்து கிலோமீட்டர் என்பதற்கு அர்த்தமே கிடையாது. டிரெயில்பிளேசர் பதிப்பகத்தார் அப்படித்தான் போடுகிறார்கள். பல நாடுகளை ஒரே அட்டைக்குள் அடைத்த தலையணைப் புத்தகம் வேண்டவே வேண்டாம், யார் சுமப்பது?

இவையெல்லாம் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுக்காக எழுதியவை, அதனால் விசா பக்கத்தைத் தாண்டிவிடுங்கள், நமக்கு விசா கிடையாது. அனுமதிச் சீட்டிலும் சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டு விலை தனி, அதைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், முக்திநாத்தான் திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்று நம் வைணவர்கள் போவார்கள். கோயிலின் 108 தாரைகளிலும் தலையை நீட்டுவதாக இருந்தால் துண்டை மூட்டையின் அடியில் வைக்காதீர்கள், தண்ணீர் ஐஸ்.