ஒட்டுத்துணிப் போர்வை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குயில்ட் எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வைக் கலையைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறினை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: பல ஆண்டுகளாக ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்து வருகிறேன். பார்ப்பவர்கள் "அருமையான கைவேலை" என்று பாராட்டுகிறார்கள்; கலை என்று மட்டும் எவரும் சொல்வதில்லை. படுக்கையில் விரித்து, துவைத்து, நாளடைவில் தேய்ந்துபோகும் ஒரு பொருளைக் கலைப்படைப்பாகக் கருத முடியுமா?

பதில்: தாராளமாகக் கருதலாம். மேல்துணி, நடுவே பஞ்சோ பழந்துணியோ கொண்ட அடுக்கு, அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையலைக் கற்றுக்கொள்வதற்கு நீண்ட காலம் தேவைப்படாது. ஆனால், எந்த நிறத்துக்கு அருகில் எந்த நிறம் அமர வேண்டும், சீராக ஓடிவரும் கோடு எந்த இடத்தில் உடைய வேண்டும், கண்ணுக்கு ஓய்வு தரும் வெற்றிடம் எங்கே தேவை என்பவற்றையெல்லாம் தைப்பவரே முடிவுசெய்கிறார். ஓவியர் தம் திரையின் முன் நின்று எடுக்கும் முடிவுகளுக்கு இவை சற்றும் குறைந்தவையல்ல. தையலின் நேர்த்தியைப் பார்ப்பவர்கள் கைவேலை என்கிறார்கள். இந்த முடிவுகளைப் பார்க்கப் பழகியவர்கள் கலை என்பார்கள்.

1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஜொனாதன் ஹோல்ஸ்டைன், கெயில் வான் டெர் ஹூஃப் ஆகிய இருவரும் தாங்கள் சேகரித்த அமெரிக்கக் குயில்ட்களை அருவ ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டுக் காட்டினார்கள். கலையுலகம் இந்தப் போர்வைகளைத் திரும்பிப் பார்த்ததற்கு அந்தக் கண்காட்சி முக்கியக் காரணம். எனினும் அதில் ஒரு பெருங்குறை இருந்தது: வடிவங்கள் போற்றப்பட்டன, அவற்றைத் தைத்த பெண்களில் பெரும்பாலோர் பெயரற்றவர்களாகவே நின்றார்கள். அந்தக் குறை ஓரளவு நீங்கியது 2002-இல். அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் ஜீஸ் பெண்ட் என்னும் ஊரைச் சேர்ந்த கறுப்பினப் பெண்களின் குயில்ட்கள் முதலில் ஹூஸ்டனிலும் பின்னர் அதே விட்னியிலும் வைக்கப்பட்டபோது, தைத்தவர்களின் பெயர்களும் வாழ்க்கையும் உடன் சொல்லப்பட்டன. அவர்களில் பலர், தம் முன்னோர்கள் அடிமைகளாக உழைத்த பண்ணையின் உரிமையாளருடைய பெட்வே என்னும் குடும்பப் பெயரையே இன்றும் சுமப்பவர்கள். நைந்த வேலையுடைகளையும் சாக்குத்துணியையும் கொண்டு, குளிர் புகும் மரவீடுகளில் பிள்ளைகளைப் போர்த்துவதற்காக அவர்கள் தைத்தார்கள். 1970களில் ஒரு வணிக நிறுவனத்துக்காகக் கார்டுராய் துணியில் தலையணை உறைகள் தைத்துக் கொடுத்தபோது மிஞ்சிய துண்டுகள், அவர்களுடைய போர்வைகளில் புதியதொரு நிறவரிசையையே கொண்டுவந்தன. 2006-இல் அமெரிக்க அஞ்சல்துறை அந்தக் குயில்ட்களைப் பத்து அஞ்சல்தலைகளாக வெளியிட்டது. இவை அனைத்தும் முதலில் போர்த்திக்கொள்ளப்பட்டவை என்பதைக் கவனியுங்கள். பயன்பட்டதால் அவற்றின் அழகு ஒரு துளியும் குறையவில்லை.

கேள்வி: அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பிச் சென்றவர்களுக்கு வழிகாட்ட, குயில்ட்களின் வடிவங்களை ரகசியக் குறியீடுகளாகப் பயன்படுத்தி வேலிகளில் தொங்கவிட்டார்கள் என்று படித்தேன். இது உண்மையா?

பதில்: 1999-இல் வெளியான ஒரு நூலின் வழியாகப் பெரிதும் பரவிய செய்தி இது. தப்பி வந்தவர்கள் தாமே எழுதிய அல்லது சொல்லிய வரலாறுகளிலோ, அந்தக் காலத்து ஆவணங்களிலோ இதற்குச் சான்று கிடைக்கவில்லை என்பதால் வரலாற்றாய்வாளர்கள் பெரும்பாலும் இதை ஏற்பதில்லை. நெஞ்சைத் தொடும் கதை என்பதற்காக அதை வரலாறாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை; சான்றுள்ள வரலாறு அதைவிட வலிமையானது.

ஹாரியட் பவர்ஸ் 1837-இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பின் அவர் தைத்த இரண்டு குயில்ட்கள் இன்றும் இருக்கின்றன: ஒன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடமும், மற்றொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும். துணியை உருவங்களாக வெட்டி மேலே பதித்துத் தைக்கும் அப்ளிக் முறையில், விவிலியக் காட்சிகளை அவர் கட்டம் கட்டமாக அமைத்தார். முதல் குயில்ட்டை 1886-இல் ஒரு பருத்திக் கண்காட்சியில் கண்ட ஓவிய ஆசிரியை ஒருவர் அதை விலைக்குக் கேட்டார். பவர்ஸ் அப்போது தர மறுத்து, சில ஆண்டுகள் கழித்து வறுமை நெருக்கியபோது ஐந்து டாலருக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் அவர் விளக்க, அந்த ஆசிரியை எழுதி வைத்துக்கொண்டார். இரண்டாம் குயில்ட்டின் பதினைந்து கட்டங்களில் ஒன்று 1833 நவம்பரில் விண்கற்கள் மழையாகப் பொழிந்த இரவைக் காட்டுகிறது. அது அவர் பிறப்பதற்கு முன் நடந்த நிகழ்ச்சி. மூத்தவர்கள் சொல்லக் கேட்ட ஓர் இரவை, விவிலியக் காட்சிகளுக்குச் சமமான இடம் கொடுத்து அவர் துணியில் பதித்திருக்கிறார். ஒரு சமூகத்தின் நினைவும் ஒரு தனிமனுஷியின் நம்பிக்கையும் ஒரே துணியில் எப்படிச் சேரும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: காலமான என் அம்மாவின் ஆடைகளைக் கொண்டு ஒரு குயில்ட் தைக்க விரும்புகிறேன். கத்தரியை எடுத்தால் கை நடுங்குகிறது. எப்படித் தொடங்குவது?

பதில்: உடனே வெட்ட வேண்டாம். எல்லா ஆடைகளையும் தரையில் பரப்பி, ஒளிப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுள் ஒன்றையேனும் வெட்டாமல் முழுதாக வைத்துக்கொள்வது என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டால், மற்றவற்றை வெட்டும் மனவுறுதி வரும்.

ஜீஸ் பெண்டில் மிசூரி பெட்வே என்பவர் 1942-இல், இறந்துபோன தம் கணவரின் வேலையுடைகளை வெட்டி ஒரு குயில்ட் தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அன்போடு அதற்குள் ஒண்டிக்கொள்ளவும் வேண்டித் தாய் அதைத் தைத்ததாக அவருடைய மகள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் குயில்ட் இன்று வாஷிங்டனின் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அதிலுள்ள துணிகள் வெளுத்திருக்கின்றன. கறைகளும் ஒட்டுகளும் அப்படியே தெரிகின்றன. அவற்றை மறைக்க அவர் முயலவில்லை. நீங்களும் அம்மாவின் ஆடையிலுள்ள பொத்தானையோ, சட்டைப்பையையோ, அவர் கையால் தைத்த கிழிசலையோ நீக்கிவிடாமல், அவை துண்டின் நடுவில் வருமாறு வெட்டுங்கள். அவர் வாழ்ந்ததன் தடம் அந்த இடங்களில்தான் மிகுதியாக இருக்கும்.

செய்முறையில் மூன்று விஷயங்கள் முக்கியம். பின்னலாடைத் துணி இழுபடும் தன்மையுள்ளது. அதன் பின்புறத்தில் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஒட்டும் மெல்லிய இன்டர்ஃபேசிங் துணியைப் பதித்த பிறகே வெட்ட வேண்டும். பழைய பட்டு மடிப்பு வாட்டத்தில் இற்றுப்போயிருக்கும். விரலால் மெல்ல இழுத்துப் பார்த்து, நூல் பிரிந்தால் அதற்குப் பின்னால் வலுவான பருத்தித் துணியை வைத்துத் தைக்கலாம், அல்லது சிறு உருவங்களாக அப்ளிக் செய்யலாம். சாயம் போகக்கூடிய துணியை ஈர வெள்ளைத்துணியால் ஒற்றிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுங்கள். மற்றபடி, தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் விட்டு வெட்டுவது வழக்கம். நைந்த துணிக்கு அரை அங்குலம் விடுவது நல்லது.

துண்டுகளை அடுக்கும்போது நிறத்தைவிட வெளிர்மைக்கும் அடர்த்திக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் ஓர் ஒளிப்படம் எடுத்துப் பார்த்தால், வண்ணங்களின் கவர்ச்சி விலகி, அமைப்பு பிடிபடும். தைக்காமல் சில நாள்கள் சுவரில் குத்தி வைத்து, போகும்போதும் வரும்போதும் பாருங்கள். உறுத்தும் துண்டு தானே தெரிந்துவிடும்.

கேள்வி: காந்தா, ஹவாய்க் குயில்ட், சித்தியரின் கவந்தி என்று பல மரபுகள் ஈர்க்கின்றன. வேறொரு சமூகத்தின் பாணியில் நான் தைப்பது முறையா?

பதில்: கற்றுக்கொள்வதில் தவறில்லை; எங்கிருந்து கற்றீர்கள் என்பதை மறைப்பதும், அந்தச் சமூகத்தின் படைப்பு என்ற தோற்றத்துடன் விற்பதும் தவறு. ஒரு பாணியின் வெளித்தோற்றத்தை எடுப்பதற்கு முன், அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கர்நாடகத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி பெண்கள், கவந்தியை ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு போகிறார்கள். முன்கூட்டி வரைந்த திட்டம் கிடையாது. கையிலிருக்கும் துண்டும் இதுவரை தைத்த வரிசையும் சேர்ந்து அடுத்த துண்டைத் தீர்மானிக்கின்றன. நான்கு மூலைகளிலும் மடித்த முக்கோணத் துணிகளை வைத்துத் தைக்கிறார்கள். அதற்குப் பூ என்று பெயர். அது இல்லாத கவந்தி அவர்கள் கண்ணில் முழுமை பெறாதது. இந்த வரிசைமுறையை விட்டுவிட்டு, பார்வைக்கு மட்டும் அதைப் போல ஒன்றைத் தைத்தால் மரபின் உயிர் அதில் இராது.

வங்காளத்துக் காந்தாவிலும் அப்படியே. பழைய சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் சிறு ஓட்டத் தையல் போட்டுக்கொண்டே போகும்போது, துணியின் பரப்பில் மெல்லிய நெளிவுகள் எழுகின்றன. புதுத்துணியில் அதே தையலைப் போட்டால் அந்த நெளிவு அதே மென்மையுடன் வருவதில்லை. ஹவாயில், ஒரே துணியைப் பலமுறை மடித்து வெட்டி விரித்த பெரிய இலைவடிவத்தை மேலே பதித்து, அதன் விளிம்பை அலையலையாகத் தொடர்ந்து தைக்கிறார்கள்; ஒருவர் உருவாக்கிய வடிவத்தை அனுமதியின்றி எடுப்பது அங்கே திருட்டாகக் கருதப்பட்டது. மரபு என்றால் எவருக்கும் சொந்தமில்லாத பொதுச்சொத்து என்று எண்ணுபவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

மரபு உறைந்து நிற்பதும் இல்லை. பீகாரில், புதிதாகப் பிறந்த குழந்தையைப் பொதிய மெத்தென்ற பழந்துணியில் தைக்கப்பட்ட சுஜனியில், 1980களின் பிற்பகுதியிலிருந்து புசுரா கிராமத்துப் பெண்கள் வரதட்சணைக் கொடுமையையும் பெண்கல்வியையும் காட்சிகளாகத் தைத்து வருகிறார்கள். தையல் பழையது, பேசும் பொருள் அவர்களுடையது. உங்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுவே: தையலைப் பிறரிடம் கற்று, பொருளை உங்கள் வாழ்க்கையிலிருந்து எடுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் பலர் சேர்ந்து ஒரே குயில்ட் தைக்க விரும்புகிறோம். ஆளுக்கொரு ரசனை, ஒத்துவருமா?

பதில்: அளவில் கண்டிப்பாக இருங்கள், உள்ளடக்கத்தில் தலையிடாதீர்கள். 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த பின் அங்குள்ள சாங்கி சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள், எத்தல் மல்வானி என்ற கனடியப் பெண்ணின் முயற்சியால், ஆளுக்கு ஆறு அங்குலச் சதுரத்தில் தம்மைப் பற்றி எதையேனும் பூத்தையலிட்டுப் பெயரையும் தைத்தார்கள். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள் கொண்ட மூன்று குயில்ட்கள் உருவாயின. காயமுற்றோருக்கென்று அவை மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டபோது, வேறு முகாம்களில் இருந்த கணவன்மார்கள் தம் மனைவியர் உயிரோடிருப்பதை அந்தப் பெயர்களின் வழியே அறிய முடிந்தது. ஒருத்தி பூ தைத்தாள், ஒருத்தி கப்பல் தைத்தாள் என்பதால் அவை சிதறிப்போகவில்லை; சதுரத்தின் அளவும் இடையே ஓடும் பட்டியும் அவற்றைக் கோத்து நிற்கின்றன.

எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்காக கிளீவ் ஜோன்ஸ் தொடங்கிய நினைவுக் குயில்ட்டிலும் அதே விதிதான். ஒவ்வொரு பலகமும், அதாவது இறந்த ஒருவருக்கென்று தைத்த தனித் துணித்துண்டும், மூன்றடிக்கு ஆறடி, ஏறத்தாழ ஒரு கல்லறையின் அளவு. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் முதன்முதலாக விரிக்கப்பட்டபோது 1,920 பலகங்கள் இருந்தன. இன்று சுமார் 50,000. அளவு ஒன்றாக இருந்ததால்தான், ஒருவரையொருவர் அறியாத இத்தனை பேரின் துயரம் ஒரே துணியில் இடம்பெற முடிந்தது.

நடைமுறையில் ஒன்று மட்டும்: எல்லோருக்கும் ஒரே துணிக்கடையின் ஒரே துணிச் சுருளிலிருந்து பின்னணித்துணியை வாங்கி, துவைத்து, வெட்டி நீங்களே கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் ஒன்று சுருங்கி மற்றொன்று தொய்யும்.

கேள்வி: தைத்து முடித்த குயில்ட்டில் கையெழுத்திடுவது தற்பெருமையாகத் தோன்றாதா? அதை நீண்ட காலம் காப்பது எப்படி?

பதில்: கட்டாயம் கையெழுத்திடுங்கள். உலகெங்கும் அருங்காட்சியகங்களில் எத்தனையோ குயில்ட்களுக்கு அருகில் "தைத்தவர் அறியப்படவில்லை" என்ற குறிப்பே இருக்கிறது. அந்தப் பெண்களின் அடக்கம் அவர்களுக்கு எந்த நன்மையையும் செய்யவில்லை. நாமும் அவர்களை இழந்துவிட்டோம். அடித்துணியின் ஒரு மூலையில் சிறு துணிப்பட்டையை வைத்து, உங்கள் பெயர், தைத்த ஆண்டு, ஊர், யாருக்காகத் தைத்தீர்கள், துணிகள் யாருடையவை ஆகியவற்றை நூலாலேயே எழுதுங்கள். மையால் எழுதுவதானால் துவைத்தாலும் அழியாத, துணிக்கென்றே உள்ள மையைப் பயன்படுத்துங்கள். அந்தப் பட்டையை ஓரமாக ஒட்டாமல், குயில்ட் தையல் அதன் மேலும் ஓடுமாறு வைத்தால் பிற்காலத்தில் எவரும் எளிதில் பிரித்தெடுக்க முடியாது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை வெயிலே முதல் பகை. சுவரில் மாட்டுவதானால் நேர் வெளிச்சம் படாத இடத்தில், மேல்விளிம்பின் பின்புறம் முழு நீளத்துக்கும் ஒரு துணிக்குழாயைத் தைத்து, அதற்குள் கோலைச் செருகித் தொங்கவிடுங்கள். ஆணியடித்தால் எடை முழுவதும் இரண்டு மூன்று புள்ளிகளில் இறங்கித் துணி கிழியும். மடித்து வைப்பதானால் பிளாஸ்டிக் பையைத் தவிர்த்து, துவைத்த பருத்தி உறையில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை இடம் மாற்றி மடியுங்கள்.