நீக்கினாலும் திரும்பி வரும் விளம்பர மென்பொருள்: எங்கே தேட வேண்டும்?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "என் லேப்டாப்பில் குரோமைத் திறந்தால் நான் வைக்காத ஒரு தேடல் பக்கம் வருகிறது. முகவரிப் பட்டையில் எதைத் தட்டித் தேடினாலும், ஒரு நொடி ஏதோ முகவரி மின்னி மறைந்து, பெயர் தெரியாத தளத்தில் போய் நிற்கிறது. சம்பந்தமில்லாத எக்ஸ்டென்ஷன் ஒன்று இருந்தது, நீக்கினேன். குரோமையே எடுத்துவிட்டு மறுபடி நிறுவினேன். இரண்டு நாள் சும்மா இருந்தது, அப்புறம் பழைய கதைதான். இதற்கிடையில் திரையின் வலது கீழ் மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்' என்று வந்துகொண்டே இருக்கிறது. ஆன்டிவைரஸை ஓடவிட்டால் எல்லாம் சுத்தம் என்கிறது. விண்டோஸையே மறுபடி போட வேண்டுமா?"

பெரும்பாலும் வேண்டியிருக்காது. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியான தகவல் அந்த "இரண்டு நாள்"தான். எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல், நீக்கினால் அது தானாகத் திரும்பி வராது. வேறு ஏதோ ஒன்று அதைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறது. இதுவரை நீங்கள் கொண்டுவரப்பட்டதை நீக்கிக்கொண்டிருந்தீர்கள். கொண்டுவருவது எது என்று தேடினால்தான் இது நிற்கும்.

அதற்கு முன், அந்த வைரஸ் எச்சரிக்கையைத் தனியாக எடுத்து வைத்துவிடலாம். அது வேறு பிரச்சினை, எளிதில் தீரக்கூடியது. அடுத்த முறை அந்தப் பெட்டி வரும்போது அவசரப்பட்டு மூடாமல் உற்றுப் பாருங்கள். சிவப்பு முக்கோணமும் மிரட்டும் வாக்கியமும் கண்ணில் படும். அவற்றோடு, சிறிய எழுத்தில் ஓர் இணையதள முகவரியும் பிரவுசரின் பெயரும் இருக்கும். உங்கள் ஆன்டிவைரஸ் தன் எச்சரிக்கையைப் பிரவுசரின் பெயரில், முன்பின் தெரியாத முகவரியோடு அனுப்பாது. இது ஒரு தளம் அனுப்பும் நோட்டிஃபிகேஷன், அவ்வளவுதான். எப்போதோ ஒரு பக்கம் "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் பட்டனை அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கும், நீங்களோ வீட்டில் வேறு யாரோ அழுத்தியிருப்பீர்கள். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ் போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத எல்லாவற்றையும் நீக்குங்கள். அந்த எச்சரிக்கையைக் கிளிக் செய்யாதீர்கள், அதில் தொலைபேசி எண் இருந்தால் தயவுசெய்து அழைக்காதீர்கள். பணத்தையும் கணினியின் கட்டுப்பாட்டையும் சேர்த்துப் பறிக்கும் மோசடிகள் பல அந்த எண்ணில்தான் தொடங்குகின்றன.

சரி, ஆன்டிவைரஸ் ஏன் சுத்தம் என்கிறது? இப்படித் தேடலைத் திசைதிருப்பும் விளம்பர மென்பொருள் பெரும்பாலும் உங்கள் "சம்மதத்தோடு" நுழைகிறது. ஏதோ ஒரு இலவச நிரலை நிறுவும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போகிறோம். நடுவில் ஒரு திரையில் "எங்கள் தேடல் கருவியையும் சேர்க்கிறோம்" என்ற வரிக்கு முன்னால் ஏற்கெனவே டிக் போட்டிருக்கும். அதனால் இதை வைரஸ் என்று சொல்லாமல் "வேண்டாததாக இருக்கக்கூடிய செயலி" என்ற தனிப் பிரிவில் வைக்கிறார்கள். அந்தப் பிரிவையும் சோதிக்கும்படி நாம் சொல்ல வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல், அதற்குள் ரெப்புடேஷன் பேஸ்டு புரொடெக்ஷன் பகுதியில் இதற்கான சுவிட்ச் இருக்கிறது. அது அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள்.

இனி தேடலைத் தொடங்கலாம். எதையும் நீக்குவதற்கு முன் மூன்று சோதனைகள் செய்யுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. குரோமில் உங்கள் படத்தின் மேல் கிளிக் செய்து கெஸ்ட் ஜன்னலைத் திறந்து தேடிப் பாருங்கள். அங்கே பிரச்சினை இல்லையென்றால், கோளாறு உங்கள் புரொஃபைலிலோ எக்ஸ்டென்ஷனிலோ இருக்கிறது. அடுத்து, அதே கணினியில் வேறொரு பிரவுசர். அங்கும் திசைமாறினால் கோளாறு பிரவுசரைத் தாண்டி இருக்க வாய்ப்பு அதிகம். மூன்றாவது, வீட்டு வைஃபையை விட்டுவிட்டு போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் சரியாகி, வைஃபையில் மட்டும் வந்தால் ரூட்டரைச் சந்தேகிக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரே தளத்துக்குப் போகும்போது மட்டும் இப்படி நடக்கிறது என்றால் அது அந்தத் தளத்தின் குற்றம், உங்கள் கணினியைக் குடைய வேண்டாம்.

நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் கோளாறு கணினிக்குள்தான் இருக்கிறது. திரும்பக் கொண்டுவரும் இடங்கள் எனக்குத் தெரிந்து முக்கியமாக மூன்று.

ஒன்று, சிங்க், அதாவது உங்கள் பிரவுசர் அமைப்புகளைக் கணக்கில் சேமித்து எல்லாக் கணினிகளிலும் ஒன்றுபோல வைக்கும் வசதி. குரோமை நீக்கி மறுபடி போட்டேன் என்கிறீர்கள். போட்டதும் உங்கள் கணக்கில் உள்ளே நுழைந்திருப்பீர்கள். நுழைந்தவுடன் பழைய எக்ஸ்டென்ஷன்கள், தேடல் அமைப்புகள் எல்லாம் கணக்கிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்துகொள்ளும். சிங்க் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, அதுதான் இங்கே சிக்கல். அதே கணக்கில் இன்னொரு கணினியும் இருந்தால், அங்கே நீக்காத எக்ஸ்டென்ஷன் இங்கே வந்துவிடும். அதனால் சுத்தம் செய்து முடிக்கும் வரை எல்லாக் கணினிகளிலும் சிங்கை அணைத்து வையுங்கள்.

இரண்டு, பாலிசி. குரோமின் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து அடிவரிசையைப் பாருங்கள். "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா? அலுவலக லேப்டாப் என்றால் அது இயல்பு, அங்கே கை வைக்காமல் உங்கள் ஐடி பிரிவிடம் சொல்லிவிடுங்கள். சொந்த லேப்டாப்பில் இருந்தால் விசாரிக்க வேண்டிய விஷயம். நூற்றுக்கணக்கான கணினிகளில் ஒரே எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாகப் போடவும், தேடல் பக்கத்தை மாற்ற முடியாமல் பூட்டவும் நிறுவனங்களுக்காக உருவாக்கிய வசதி இது. அதே வசதியை விளம்பர மென்பொருளும் பயன்படுத்துகிறது. அப்படிப் போடப்பட்ட எக்ஸ்டென்ஷனுக்கு நீக்கும் பட்டனே இருக்காது.

முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் குரோம் என்று எழுதி, ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, அப்புறம் பாலிசி என்று தட்டுங்கள். எட்ஜ் என்றால் குரோமுக்குப் பதில் எட்ஜ். ஒரு பட்டியல் திறக்கும். எந்தப் பாலிசியும் இல்லையென்றால் அப்படியே சொல்லும். இருந்தால், எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு நேரே 32 எழுத்துகள் கொண்ட, எந்தச் சொல்லும் ஆகாத ஒரு கோர்வை இருக்கும். அதுதான் கட்டாயமாகத் திணிக்கப்படும் எக்ஸ்டென்ஷனின் அடையாளம். எக்ஸ்டென்ஷன்கள் பக்கத்தில் டெவலப்பர் மோடைப் போட்டால் ஒவ்வொன்றின் கீழும் அதன் 32 எழுத்து தெரியும், ஒப்பிட்டுப் பார்க்கலாம். சில ஆன்டிவைரஸ் நிரல்களும் பாலிசி வைப்பதுண்டு, எனவே கண்டதையெல்லாம் அழித்துவிட வேண்டாம்.

இந்தப் பாலிசி, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதப்பட்டிருக்கும். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின் பிரிவில் சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்று இறங்கினால் கிடைக்கும். கரன்ட் யூசர் பிரிவிலும் அதே பாதையைப் பாருங்கள். அந்த குரோம் ஃபோல்டரை முதலில் எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி எடுத்துவிட்டு, பிறகுதான் குறிப்பிட்ட பதிவை நீக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கத் தயக்கமாக இருந்தால் நீங்களாகச் செய்ய வேண்டாம், கீழே சொல்லும் கருவியிடம் விட்டுவிடுங்கள்.

மூன்று, டாஸ்க் ஷெட்யூலர், அதாவது குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓடவிடும் விண்டோஸ் வசதி. இதைப் பலர் பார்ப்பதே இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் உறவினர் ஒருவரின் கணினியில் இதே தொல்லை. பாலிசியை அழித்தேன், எக்ஸ்டென்ஷன் போனது. கணினியை அணைத்துப் போட்டேன், பாலிசி திரும்பி வந்திருந்தது. ஒரே மாலையில் மூன்று முறை இப்படி. கடைசியில் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்தேன். நாற்பது ஐம்பது வரிகளுக்கு நடுவில், 'அப்டேட்' என்று முடியும் ஒரு பெயர். அதில் டிரிகர்ஸ் பக்கத்தைப் பார்த்தால், கணினியில் உள்ளே நுழையும்போது ஒரு முறை, அப்புறம் ஒவ்வொரு மணிநேரமும் ஓடும்படி வைத்திருந்தார்கள். ஆக்‌ஷன்ஸ் பக்கத்தில் விண்டோஸில் கட்டளைகளை ஓடவிடும் பவர்ஷெல்லை மறைவாகத் திறக்கும் கட்டளை, அதன் பின்னால் திரை அகலத்தைத் தாண்டி ஓடும் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல். நான் அழித்த ஒவ்வொரு முறையும் அதுதான் பாலிசியைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திய பிறகு பாலிசியை நான்காவது முறை அழித்தேன். அதற்குப் பிறகு வரவில்லை.

நீங்களும் அதே போல ஒவ்வொரு டாஸ்க்கின் ஆக்‌ஷன்ஸ் பக்கத்தையும் பாருங்கள். பெயர் எதையும் சொல்லாது, எதை ஓடவிடுகிறது என்பதுதான் முக்கியம். பவர்ஷெல், ஸ்கிரிப்ட், நிரல்கள் தங்கள் தரவை வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் புரியாத பெயரில் இருக்கும் நிரல் இவையெல்லாம் சந்தேகத்துக்குரியவை. ஆனால் நல்ல நிரல்களும் ஆப்டேட்டாவில் குடியிருக்கும். அதனால் உடனே அழிக்காமல் டிசேபிள் மட்டும் செய்துவிட்டு இரண்டு நாள் பாருங்கள். தவறாக நிறுத்திவிட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த மூன்றும் போக, ஒரு சின்ன இடம். டாஸ்க்பாரில் அல்லது டெஸ்க்டாப்பில் இருக்கும் குரோம் ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து டார்கெட் என்ற வரியின் கடைசி வரை போங்கள். குரோம் நிரலின் பெயரோடும் மேற்கோள் குறியோடும் முடிய வேண்டும். அதற்குப் பின் ஓர் இணைய முகவரி ஒட்டியிருந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தப் பக்கம் வரத்தான் செய்யும். ஷார்ட்கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரூட்டர் சந்தேகம் இருந்தால் மட்டும் இது: ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஎன்எஸ் முகவரி மாற்றப்பட்டிருக்கிறதா பாருங்கள். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைச் சொல்லும் சேவைதான் டிஎன்எஸ். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற மென்பொருள் உலகம் முழுக்கச் சுமார் 40 லட்சம் கணினிகளை இப்படித்தான் திசை திருப்பியது. டிஎன்எஸ் முகவரியை மாற்றி, தேடியவர்களை வேறு பக்கங்களுக்கு அனுப்பி, விளம்பரப் பணம் சம்பாதித்தார்கள். 2011 நவம்பரில் அந்தக் கும்பலை அமெரிக்காவின் எஃப்பிஐ அம்பலப்படுத்தியது. ரூட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்து, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, அதன் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் போதும். ரீசெட் செய்தால் இணைய இணைப்பு விவரங்களைத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும், முன்பே குறித்து வையுங்கள்.

இப்போது வரிசை. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எக்ஸ்டென்ஷனில் தொடங்கினால் பாலிசி அதைத் திரும்ப வைக்கும், பாலிசியில் தொடங்கினால் டாஸ்க் அதைத் திரும்ப எழுதும். எனவே சிங்கை அணையுங்கள். இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலை நிறுவிய தேதி வாரியாக அடுக்கி, தொல்லை ஆரம்பித்த நாளையொட்டி வந்த தெரியாத நிரல்களை நீக்குங்கள். டாஸ்க்கை நிறுத்துங்கள், பாலிசியை எடுங்கள், எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள். கடைசியாக குரோமின் ரீசெட் செட்டிங்ஸ். ரீசெட் செய்தால் புக்மார்க்கும் சேமித்த கடவுச்சொல்லும் போகாது, பயப்பட வேண்டாம். கணினியை மறுபடி தொடங்கி, பாலிசி பக்கம் காலியாக இருக்கிறதா பாருங்கள். இரண்டு நாள் அமைதியாக இருந்த பிறகே சிங்கைப் போடுங்கள்.

இவ்வளவையும் கையால் செய்ய விருப்பமில்லை என்றால் ஆட்வ்கிளீனர் என்ற இலவசக் கருவி இருக்கிறது, 2016 முதல் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்திடம் உள்ளது. இந்த வகைத் தொல்லைக்கென்றே செய்யப்பட்டது. ஆனால் அதைத் தேடி இறக்க இந்தக் கணினியின் பிரவுசரைப் பயன்படுத்தாதீர்கள். உங்கள் தேடல் முடிவுகளே இப்போது வேறொருவர் கையில் இருக்கின்றன. "நீக்கும் கருவி" என்று அங்கே முதலில் வருவது அதே கூட்டத்தின் இன்னொரு சரக்காக இருக்கலாம். வேறு கணினியில் மால்வேர்பைட்ஸின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, பென்டிரைவில் கொண்டுவாருங்கள்.

எக்ஸ்டென்ஷன்கள் பற்றி இன்னொன்று. "நான் பல வருடமாக வைத்திருப்பது, நல்லது" என்று எதையும் விட்டுவிடாதீர்கள். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷனை லட்சக்கணக்கானோர் நம்பி வைத்திருந்தார்கள், உண்மையிலேயே பயனுள்ளதுதான். 2020இல் அது வேறு கைக்கு மாறியது. 2021 பிப்ரவரியில், தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை நீக்கியது. எக்ஸ்டென்ஷன் தானாகவே புதுப்பித்துக்கொள்வதால், கை மாறியது வைத்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது. கடந்த ஒரு மாதத்தில் பயன்படுத்தாத எதையும் நான் வைத்துக்கொள்வதில்லை.

நீக்கும் முன் அந்த வேண்டாத எக்ஸ்டென்ஷனின் டீடெய்ல்ஸ் பக்கத்தைத் திறந்து, அதற்கு என்ன அனுமதி இருந்தது என்று படியுங்கள். "எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்" என்று இருந்தால், இத்தனை நாளும் நீங்கள் அந்தப் பிரவுசரில் தட்டிய கடவுச்சொற்களை அது பார்த்திருக்க முடியும். பார்த்ததா என்று கண்டுபிடிக்க வழியில்லை, பார்த்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தமான வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள், பிறகு வங்கி, அப்புறம் மற்றவை. மாற்றும்போது எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேற்றும் வசதியையும் அழுத்திவிடுங்கள். அந்த 32 எழுத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். திரும்ப ஏதாவது வந்தால் அதே எக்ஸ்டென்ஷனா புதியதா என்று ஒப்பிட்டுப் பார்த்து, எனக்கு எழுதுங்கள்.